கேமரா விளக்கு எரிந்த இரவு

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அறைக்குள் வந்துவிடுவோம். ஹீட்டர் அங்கேதான் இருக்கிறது. ஈரத்துணி காய்வதும், மாமியாருக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிடுவதும், குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே ஓடிவந்து உடை மாற்றுவதும் அந்த அறையில்தான். கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தால், அவளுடைய லேப்டாப்பும் அந்த அறை மேசையில் பாதி திறந்தபடியே கிடக்கும்.

போன வருடம் அப்படி ஒரு இரவு, மணி பதினொன்றரை தாண்டியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். இருட்டில் மேசைப் பக்கம் கடுகளவு வெள்ளை வெளிச்சம். எழுந்து போய்ப் பார்த்தேன். திரை இருட்டாக இருந்தது, ஆனால் அதற்கு மேலே கேமரா பக்கத்தில் இருக்கும் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மகள் பக்கத்தில் நல்ல தூக்கத்தில் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

படாரென்று லேப்டாப்பை மூடினேன். வைஃபை பெட்டியின் சுவிட்சையும் அணைத்தேன். என் தம்பி கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அந்த நேரத்திலேயே அவனைக் கூப்பிட்டேன். "அக்கா, நெட்டைத் துண்டிச்சது சரி. ஆனா ஒண்ணையும் அழிச்சிடாதீங்க. காலையில பார்த்துக்கலாம், லேப்டாப்பை மூடியே வைங்க" என்றான். அன்று அவன் சொன்னதில் எங்களுக்கு மிகவும் உதவியது அந்த 'அழிச்சிடாதீங்க'தான். பயத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடத்தான் எனக்குக் கை பரபரத்தது. துடைத்திருந்தால் போலீஸில் காட்ட எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

காலையில் கேமரா மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, நெட் இல்லாமலே லேப்டாப்பைத் திறந்தோம். விண்டோஸ் 11 அது. தம்பி போனில் வழி சொன்னான்: செட்டிங்ஸுக்குள் போய் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் கேமரா. எந்தெந்த மென்பொருள் கடைசியாக எப்போது கேமராவைப் பயன்படுத்தியது என்று அங்கே பட்டியல் இருக்கும். மகள் வகுப்புக்குப் பயன்படுத்தும் இரண்டும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, விண்டோஸின் சொந்தப் பகுதி போலவே பெயர் வைத்த ஒன்று. கடைசியாகப் பயன்படுத்திய நேரம் முந்தைய நாள் இரவு 11.38. தேதியும் நேரமும் தெளிவாகத் தெரியும்படி என் போனில் படம் எடுத்தேன். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியிலும் அதே பெயர் இருந்தது. லேப்டாப்பை ஆன் செய்யும்போதெல்லாம் அதுவும் கூடவே எழுந்துகொள்ளும் என்று தம்பி சொன்னான். இந்தப் பட்டியலில் சிக்காமலே கேமராவைத் தொடக்கூடிய மென்பொருள்களும் உண்டாம். அதனால் பட்டியலில் ஒன்றும் இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது.

எப்படி உள்ளே வந்தது என்று மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள். வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுக்காமல் வாங்க, நண்பர்கள் குழுவில் வந்த லிங்க்கிலிருந்து இறக்கியிருக்கிறாள். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருக்கிறது, அவளும் அணைத்திருக்கிறாள். தூரத்திலிருந்து கேமரா, மைக், கோப்புகள் என்று எல்லாவற்றையும் இயக்கும் கள்ள மென்பொருள் இந்த வழியிலும் அடிக்கடி நுழைகிறது. "என் தப்புதான்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அழுதாள்.

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒளிந்து பார்த்தவன் செய்த குற்றத்துக்கு அவள் ஏன் தலைகுனிய வேண்டும்? தம்பிதான் அவளிடம் காசிடி உல்ஃப் பற்றிச் சொன்னான். 2013-இல் அமெரிக்காவில் டீன் அழகிப் பட்டம் வென்றவர். அவருடைய வெப்கேமரா வழியாகப் படம் எடுத்து ஒருவன் மிரட்டினான். அவர் பணியாமல் புகார் கொடுத்தார், வெளிப்படையாகப் பேசவும் செய்தார். பிடிபட்டவன் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவன். 2014-இல் அவனுக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. அதைக் கேட்டபிறகுதான் மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கடவுச்சொற்களை எல்லாம் அந்த லேப்டாப்பில் இல்லாமல் என் போனிலிருந்து மாற்றினோம். முதலில் மெயில், அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை. எல்லாவற்றிலும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டோம், அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் ஏற்பாடு. மெயிலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்தினோம். அதைச் செய்யாவிட்டால் பழைய நுழைவு சில சமயம் அப்படியே திறந்திருக்கும்.

புகாரை தேசிய சைபர் குற்றத் தளத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்தோம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். நாங்கள் பெயரோடுதான் கொடுத்தோம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். எங்களுக்குப் பணம் எதுவும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து மூடுபனிக்குள் பஸ் பிடித்து, மகளும் நானும் ஊட்டி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போனோம். லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். அங்கே ஒரு பெண் அதிகாரி மகளைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். நேர்மையற்ற எண்ணத்தோடு, அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் வரும், முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டு சிறை. நான் எடுத்த படங்களைப் பார்த்தவர், "நல்லவேளை, அழிக்காம கொண்டு வந்தீங்க" என்றார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அது திரும்பக் கைக்கு வந்ததும் தம்பி வேறொரு கணினியில் தயாரித்த பென் டிரைவை வைத்து விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவினான். பழையதிலிருந்து படங்களையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். நிறுவும் கோப்பு ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

விளக்கு எரியாவிட்டால் கேமரா பார்க்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆப்பிளின் பழைய மேக்புக் லேப்டாப்புகள் சிலவற்றில் விளக்கை எரியவிடாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இலேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் இப்போது வேலை இல்லாத நேரத்தில் கேமரா மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். ஒரு முனையை மடித்து வைத்தால் உரிக்க வசதி. கேமராவுக்குத் தடிமனான மூடி போட்டு லேப்டாப்பை மூடினால் திரையே உடையலாம், மேக்புக்குக்கு அப்படி நேரும் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. டேப் மைக்கை மறைக்காது, அதை செட்டிங்ஸில் தனியாக அணைக்கிறோம். போனிலும் கவனிக்கிறோம். ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ இயங்கினால் திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் வரும்.

வழக்கு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. இதுவரை மிரட்டல் எதுவும் வரவில்லை.

ஊட்டியிலிருந்து திரும்பிய அன்று இரவே மகள் அந்த லிங்க் வந்த குழுவில் இருந்த தோழிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கேமரா பட்டியலை எங்கே பார்ப்பது என்று என் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேருடைய லேப்டாப்பிலும் அதே பெயர் இருந்தது. "எதையும் அழிக்காத, முதல்ல நெட்டை ஆஃப் பண்ணு" என்றாள் அவர்களிடம்.