கோலத்துக்கு முன்னால் இழை

தருமபுரியில் பட்டு நூற்புத் தொழிலில் இருக்கிறவர்கள் கைக்குப் பழைய பட்டு வந்தால் முதலில் இழையைத்தான் பார்ப்போம், கோலம் அப்புறம். குஜராத்தின் பாடனில் சால்வி குடும்பங்கள் நெய்யும் பட்டோலாவுக்கு, அதாவது நூலிலேயே கோலத்தைச் சாயமேற்றி நெய்யும் பட்டுத் துணிக்கு, இது ரொம்பவே பொருந்தும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளுக்குக் கப்பலில் ஏற்றிய சரக்கு அது. அங்கே அது சடங்குக்கு மட்டும் வெளியே எடுக்கும் குடும்பச் சொத்தாகிவிட்டது.

பட்டோலாவில் பாவு (நெடுக்கு இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டையும் தறியில் ஏற்றும் முன்பே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த நிறத்துக்குக் கட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்ட வேண்டும். நெய்யும்போது பாவின் சிவப்பு மேல் ஊடையின் சிவப்பு வந்து உட்கார வேண்டும். சாய்ந்த தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள்; சில அங்குலம் ஓடியதும் பாவைத் தளர்த்தி, ஊசியால் இழை இழையாக நகர்த்திச் சரி செய்வார்கள். ஒரு சேலைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

நூல் ஒழுங்காக இல்லாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். 20/22 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நூலுக்கு ஏழெட்டுப் பட்டுக்கூடுகளின் இழை ஒன்றாக ஓட வேண்டும். ஒரு கூடு தீர்ந்ததும் உடனே அடுத்த இழையைச் சேர்க்காவிட்டால் அந்த இடம் மெலிந்துவிடும். மெலிந்த நூல் கூடுதலாக நீளும், கட்டுப்போட்ட கோலம் நகர்ந்துவிடும். கச்சாப் பட்டில் இயற்கையாக இருக்கும் பசை மட்டுமே எடையில் 20 முதல் 25 சதவீதம். அதைச் சோப்புத் தண்ணீரில் முழுதாகக் காய்ச்சி எடுக்காவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

அசலைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். பூவின் விளிம்பு நெடுக்கிலும் குறுக்கிலும் லேசாகக் கலங்கியிருக்கும். இதே கோலத்தைப் பருத்தியில் அச்சிட்டும் அன்றைக்கு அந்தத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அதில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறித் தெரியும்.

கருப்பும் அடர்பழுப்பும் மட்டும் பொடியாக உதிர்ந்தால், சாயத்தில் சேர்த்த இரும்பு இழையை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தண்ணீரில் போடவே கூடாது. மடித்தும் வைக்காதீர்கள், மடிப்பில்தான் பட்டு முதலில் வெடிக்கும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை உருளையில் சுற்றி, அதன்மேல் பட்டைத் தளர்வாகச் சுருட்டி, வெயில் படாத அறையில் படுக்கையாக வையுங்கள். நாப்தலின் உருண்டை துணியில் நேரடியாகப் படக்கூடாது.