யார் பக்கத்தில் யார்: விடுமுறை வாரக் கப்பல் பயணங்களைத் திட்டமிட்ட அனுபவம்

வேலூரில் பயண முகவர் அலுவலகத்தில் வேலை என்றால், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்களுக்குக் காட்பாடியிலிருந்து திரும்பும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதே பெரும்பகுதி. கப்பல் பயணம் என்ற பேச்சு எங்கள் மேசைக்கு வந்ததெல்லாம் அண்மைக் காலத்தில்தான். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் புறப்படத் தொடங்கியதும், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் விசாரிக்கத் தொடங்கின. அவர்களில் வசதியுள்ள சிலர், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் மூன்று தலைமுறையாகப் போய்வர விரும்புகிறார்கள். அந்த வாரத்தைத் திட்டமிடுவது மற்ற மாதங்களில் திட்டமிடுவதைப் போன்றதல்ல என்பதை இந்த வேலை எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது தலைக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், இரவில் யாரோடு யார் படுத்துக்கொள்வார்கள் என்று கேட்கிறேன். சிலருக்கு இது வேண்டாத கேள்வியாகப் படுகிறது. ஆனால் கப்பலில் பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை. சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கிக்கொள்ளும் மேல் படுக்கையோ, படுக்கையாக விரியும் சோபாவோ இருக்கும் அறைகளில்தான் மூன்றாமவரும் நான்காமவரும் தங்க முடியும். பள்ளி விடுமுறை வாரத்தில் உலகெங்கும் குடும்பங்களே கிளம்புவதால் முதலில் தீர்ந்துபோவது அந்த அறைகள்தான். படுக்கை காலியாக இருந்தும் ஆளைச் சேர்க்க முடியாத நிலையும் உண்டு. டைட்டானிக் விபத்துக்குப் பின் 1914-இல் உருவான கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழிவந்த விதிகளின்படி, கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இடம் இருந்தாக வேண்டும். கப்பலின் ஒரு பகுதிக்கென்று ஒதுக்கிய படகுகளில் கணக்கு நிரம்பிவிட்டால், அந்தப் பகுதி அறைகளில் மூன்றாவது பெயரைக் கணினி ஏற்றுக்கொள்ளாது. 'பாப்பாவை அப்புறம் சேர்த்துக்கலாம் சார்' என்று சொல்பவர்களிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கிறேன். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப் பிள்ளைகள். மூத்த மகன் நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டு, பெரியவர்கள் இருவருக்கும் தனியாக ஒரு பால்கனி அறை, மற்றவர்களுக்கு சன்னல் இல்லாத உள்ளறைகள் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெற்றோருக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அதில் இருந்தது. அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பாட்டி, "பால்கனியெல்லாம் எனக்கெதுக்குப்பா, ராத்திரியில எழுந்தா பேத்தி கையைப் புடிச்சிக்கினுதான் போவேன், அவளை என் பக்கத்துலயே போட்டுடு தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் திட்டம் முழுவதும் மாறியது. பேத்தியையும் சேர்த்து மூவர் தங்கும் அறை ஒன்று, அதையொட்டி உள்கதவு வழியாகப் போய்வரக்கூடிய அறை ஒன்று, மற்ற நால்வருக்கும் அதே நடைவழியில் ஒன்று என்று தேடினோம். அவர்கள் முதலில் விரும்பிய கப்பலில் அப்படி அமையவில்லை. புறப்படும் நாள் வேறாக இருந்த இன்னொரு பயணத்தில் அமைந்தது. கட்டணம் சற்றுக் கூடுதல்தான் என்றாலும், யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் முழுத்தொகையையும் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கேட்கின்றன. விடுமுறை வாரத்து அறைகளோ அதற்கும் முன்பே குறைந்துவிடுகின்றன. டிசம்பருக்கான முடிவை ஜூலையிலாவது எடுத்தாக வேண்டும். அப்போது ஆடி பிறந்திருக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ போய்வந்து, ஆவணி பிறந்த பிறகே புதிதாக எதற்கும் அட்வான்ஸ் கொடுப்போம் என்பவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையோடு வாதிடுவது என் வேலையல்ல. எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆகவே ஆனியிலேயே தொலைபேசியில் அழைத்து, நல்ல நாள் பார்த்து ஒரு சிறு தொகையைக் கட்டிவிடும்படி சொல்லிவிடுகிறேன்.

ஆவணங்களில் பெயர்தான் பெரிய வேலை. தாத்தாவின் பெயர் அப்பாவுக்கும் அப்பாவின் பெயர் பிள்ளைக்கும் முன்னெழுத்தாக வருவது நம் வழக்கம் என்பதால், ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கும் பாஸ்போர்ட்டில் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே வெறுமையாக இருக்கும். விமான டிக்கெட், கப்பல் முன்பதிவு, சிங்கப்பூர் விசா ஆகிய மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும் என்பதால், வாயால் சொல்லும் பெயரை நான் எழுதிக்கொள்வதில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தே ஒவ்வோர் எழுத்தாகப் பதிகிறேன். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் வந்துவிட்டது பெரிய உதவி. ஆனாலும் வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நாட்களை யாராலும் குறைக்க முடியாது.

கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூரில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே ஓர் இரவு தங்குவது வீண் செலவு என்று பலர் வாதிடுவார்கள். நமக்கு டிசம்பர் மழைக்காலம். 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்ததையும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போது ஓடுதளத்தில் நீர் நின்றதையும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். விமானம் தாமதமானால் அடுத்ததில் போகலாம். கப்பலோ கரையை விட்டுப் போய்விடும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இறங்கும் ஊர்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, ஆனால் முதியவர்களுக்கு அதுதான் முக்கியம். மலேசியாவின் பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் துறைமேடையிலேயே வந்து நிற்கும். அங்கிருந்து குவீன் தெருவின் மகா மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவும் நடந்தே போகும் தூரம். தாய்லாந்தின் பூக்கெட்டிலோ பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்க, ஆடும் சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். குடியாத்தத்துப் பாட்டிக்கு முழங்கால் வலி. இதை நான் சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இளைய மருமகள், "அத்தையோட நான் கப்பல்லயே இருக்கேன், நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க" என்றார். பாட்டி மறுத்துப் பார்த்தார், மருமகள் கேட்கவில்லை. அவர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில், பூக்கெட் நாளுக்கு நேராக அவர்கள் இருவரின் பெயர்களையும், அன்று மதியம் கப்பலில் சைவச் சாப்பாடு கிடைக்கும் இடத்தையும் தனியாகக் குறித்துக் கொடுத்தேன்.