சோஃபியாவிலிருந்து வந்த பதில்

"நான் பல்கேரியாக்காரி. எது பல்கேரிய வடிவம் என்று எனக்குத் தெரியும். நோயாளிகள் எதைப் படித்துப் பழகியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் சொன்னேன்." பல்கேரிய எழுத்துகளின் வடிவம் பற்றி நான் எழுதிய விளக்கத்துக்கு, பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்த சரிபார்ப்பாளர் எழுதிய பதிலில் இவ்வளவுதான் இருந்தது. கோபமாக எழுதினாரா, அவசரத்தில் எழுதினாரா, தெரியவில்லை. அந்த வேலை முடிந்து பில்லும் போய்விட்டது. ஆனாலும் சிரிலிக் (ரஷ்யம், பல்கேரியம், செர்பியம் போன்ற மொழிகளின் எழுத்து முறை) கோப்பு எது கைக்கு வந்தாலும் முதலில் இந்த வரிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

மருத்துவக் கருவி ஒன்றின் பயன்பாட்டுக் கையேடு அது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஒரே நேரத்தில் போக வேண்டியது. வாடிக்கையாளர் புதிதாக ஒரு ஃபான்ட் வாங்கியிருந்தார்கள், நல்ல ஃபான்ட், சிரிலிக் பகுதியை அக்கறையோடு செய்திருந்தார்கள். பக்கத்தின் மொழி டேகில், அதாவது இது எந்த மொழி என்று கணினிக்குச் சொல்லும் குறிப்பில், பல்கேரியம் என்று போட்டதுமே எழுத்துகள் தாமாக மாறிக்கொண்டன. 'ப' ஒலிக்கான எழுத்து, மேசை மாதிரி நிற்பது, ஆங்கிலச் சிறிய 'என்' போல வளைந்தது. 'த' எழுத்து மூன்று கால் வைத்து 'எம்' போல ஆனது. 'இ' ஒலிக்கானது 'யு' மாதிரி. 'வ'வுக்கும் 'க'வுக்கும் மேலே கொம்பு நீண்டது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருடம் எல்லா சிரிலிக்கையும் ரஷ்ய வடிவத்திலேயே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், இப்போதுதான் முதன்முறையாகச் சரியாகச் செய்கிறோம் என்று நினைத்தேன்.

முதல் பக்கத்திலேயே சரிபார்ப்பாளர் குறிப்பு எழுதியிருந்தார்: தவறான ஃபான்ட், கையெழுத்து மாதிரி இருக்கிறது, வழக்கமான எழுத்துக்கு மாற்றவும்.

சரி என்று மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். நான் பெரிய விளக்கம் எழுதினேன். அதில் இருந்தது எதுவும் பொய்யில்லை. இன்று அச்சில் பார்க்கும் சிரிலிக்கின் தோற்றம் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1708இல் கொண்டுவந்த குடிமை எழுத்திலிருந்து வருவது, லத்தீன் எழுத்தின் பாணியில் அதை அவர் மாற்றியமைத்தார். பல்கேரிய அச்சும் அதையே எடுத்துக்கொண்டது. அப்புறம் இருபதாம் நூற்றாண்டில் வாசில் யோன்செவ் போன்ற பல்கேரிய எழுத்துக் கலைஞர்கள் சிறிய எழுத்துகளுக்குக் கையெழுத்தின் வளைவுகளையும் மேலும் கீழும் நீளும் கோடுகளையும் கொடுத்துத் தனி வடிவத்தை வளர்த்தார்கள். 2007 ஜனவரி 1 அன்று பல்கேரியா சேர்ந்தபோதுதான் சிரிலிக் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ எழுத்து முறைகளில் ஒன்றானது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ரஷ்ய 'த'வுக்கும் பல்கேரிய 'த'வுக்கும் ஒரே எண்தான், எந்த வடிவம் தெரிய வேண்டும் என்பதை ஃபான்ட்டும் மொழி டேகும்தான் முடிவு செய்கின்றன. இதையெல்லாம் எழுதி, "ஆகவே இதுதான் உங்கள் மொழிக்குரிய வடிவம்" என்று முடித்தேன்.

அதற்கு வந்ததுதான் மேலே உள்ள பதில்.

என் பக்கத்து வாதம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அவர் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான ஃபான்ட்களில் சிரிலிக் என்றால் ரஷ்ய வடிவம் மட்டும்தான் இருந்தது. கணினியில், போனில், வங்கிப் படிவத்தில், மருந்துப் பெட்டியில் வருடக்கணக்காக அதையே பார்த்தால் கண் பழகத்தான் செய்யும். வேறு யாரோ வைத்த இயல்புநிலை அது. அதைக் காரணம் காட்டி இன்னொரு கையேட்டையும் ரஷ்ய வடிவத்தில் கொடுத்தால் அடுத்த சரிபார்ப்பாளரும் "பழக்கமில்லை" என்பார். எங்கேயாவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டாமா?

ஆனால் இதே இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் லை, ணை, னை எல்லாம் கொம்பு தலைக்கு மேல் சுழித்து நிற்கும். அங்கேயும் யூனிகோடில் வேறு எண் கிடையாது, ஃபான்ட்தான் முடிவு செய்கிறது. ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என் அம்மாவுடைய சர்க்கரை மாத்திரைத் தாளைப் பழைய லையில் அடித்து அனுப்பி, நான் மாற்றச் சொன்னதும், உங்கள் எழுத்தின் வரலாறு தெரியுமா என்று நாலு பத்தி எழுதினால்? வரலாறெல்லாம் சரிதான், அம்மா படிக்கிற மாதிரி கொடுங்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இன்னும் கடுமையாகவே சொல்லியிருப்பேன்.

இரண்டும் ஒன்றில்லை என்றும் தோன்றுகிறது. நம்முடைய பழைய வடிவம் அரசாணையால் கைவிடப்பட்டது. பல்கேரிய வடிவம் வாழும் வடிவம், புத்தகங்களிலும் விளம்பரங்களிலும் தெருவிலும் இருக்கிறது. கைவிடப்பட்டதைத் திணிப்பதும் வாழ்வதைப் பயன்படுத்துவதும் எப்படி ஒன்றாகும்? இப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும்போதே, அந்தத் தெருவில் தினமும் நடப்பது அவர்தானே என்றும் தோன்றிவிடுகிறது.

செர்பிய மொழியில் இந்தத் தலைவலி எனக்கு வந்ததே இல்லை. அங்கே நேர் எழுத்தில், 'பஸ்' என்பதில் வரும் 'ப' ஒலிக்கான ஒரே எழுத்துதான் பெரிதாக வேறுபடும், சிக்கலெல்லாம் சாய்வெழுத்தில். ரஷ்யச் சாய்வெழுத்தில் 'எம்' போல வரும் 'த', செர்பியத்தில் 'டபிள்யூ' போன்ற மூன்று கோடுகளும் அவற்றுக்கு மேலே ஒரு சிறு படுக்கைக் கோடுமாக வரும். முன்பு சொன்ன மேசை 'ப'வும் 'யு' போல வளைந்து, மேலே அதே கோட்டோடு நிற்கும். எங்களுக்கு வாய்த்த செர்பியச் சரிபார்ப்பாளர்கள் ரஷ்யச் சாய்வெழுத்தைப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையையும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கேட்டார்கள், செய்தோம். பல்கேரியத்தில் அவர் வேண்டாம் என்றார், நான் வாதாடினேன். கேட்பவர் சொல்வதைச் செய்வது என்பதுதான் என் விதி என்றால், இரண்டாவது இடத்தில் அதை ஏன் மீறப் பார்த்தேன் என்பதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பல்கேரிய வடிவம் எனக்குப் பிடித்திருந்தது. அது ஒரு காரணமா என்றால், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவருடைய விருப்பம் எந்த அளவுக்குக் காரணமாகும்?

கடைசியில் மாற்றிக் கொடுத்தேன். எப்படி மாற்றுவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மொழி டேகை ரஷ்யம் என்று போட்டால் ஒரு நொடி வேலை, ஏன் இழுக்கிறீர்கள் என்றார் திட்ட மேலாளர். முடியாது என்றேன். டேக் ரஷ்யம் என்றால் வரி முடிவில் சொற்கள் ரஷ்ய விதிப்படி உடையும், பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் பல்கேரியத்தை ரஷ்ய உச்சரிப்பில் படிக்கும். எங்கள் கையேடுகள் இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் இருந்துதான் பிடிஎஃப் ஆகின்றன. அதனால் பல்கேரியம் என்ற டேகை அப்படியே வைத்துவிட்டு, உள்ளூர் வடிவங்களை மட்டும் அணைக்கும் ஒரு வரியை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்தேன். யாராவது நாளை மனம் மாறினால் அந்த வரியை எடுத்தால் போதும். இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டியின் அட்டையை வேறொரு குழு வடிவமைத்தது. அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, அதே ஃபான்ட், அதே டேக், எழுத்துகள் பல்கேரிய வடிவிலேயே அச்சாகிப் போய்விட்டன. பெட்டிமேல் ஒரு 'த', உள்ளே கையேட்டில் வேறு 'த'. புகார் எதுவும் வரவில்லை. பார்த்தீர்களா, பல்கேரிய வடிவம் யாரையும் உறுத்தவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ரஷ்ய வடிவமும் உறுத்தவில்லை என்று அவர் சொல்லலாம்.

இப்போதெல்லாம் வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன், எந்த வடிவம் வேண்டும் என்று. பெரும்பாலும் "ஃபான்ட்டில் இருப்பதை வையுங்கள்" என்றே பதில் வருகிறது. இரண்டும் இருக்கிறது என்று திரும்ப எழுதினால் பதிலே வருவதில்லை.

போன மாதம் ஒரு மசிடோனியக் கோப்பு வந்தது. சாய்வெழுத்தில் அவர்களுக்கும் செர்பியர்களுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவங்கள். ஆனால் அந்த ஃபான்ட்டில் செர்பிய டேகுக்கு மட்டும்தான் அவை வேலை செய்தன, மசிடோனியத்தை யாரோ சேர்க்க மறந்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளின் படங்கள் எல்லாம் ஃபான்ட்டுக்கு உள்ளேயே இருக்கின்றன, சில வரிகள் சேர்த்தால் போதும். ஃபான்ட் செய்தவர்களுக்கு எழுதி, சேர்க்கச் சொல்லி, புதிய கோப்பு வரும்வரை வேலையை நிறுத்தி வைத்தேன். மசிடோனியர் யாரும் இதை என்னிடம் கேட்கவில்லை.