விழித்திருக்கும்போதே மூச்சுக்குக் குழாய்

பித்தப்பையை அகற்ற நாள் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கோ என் வாய்தான் கவலை. கன்னத்தில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்ததிலிருந்து தாடை இறுகி, ஒரு விரல் மட்டுமே நுழையும். முழு மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபட்டால், வாய் வழியாகக் குழாய் போட்டுக் காப்பாற்ற இடமில்லை. ஆகவே நான் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தப்போவதாகச் சொன்னார்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. தூங்க வைத்துவிட்டுச் செய்யக்கூடாதா என்று கெஞ்சினேன். பக்கத்தில் நின்ற தமிழ்த் தாதி குனிந்து சொன்னார்: "ஐயா, நீங்களாக மூச்சு விடுவதுதான் உங்களுக்குக் காவல். பதற்றம் தணியும் அளவுக்கு மட்டும் மருந்து தருவார்கள். வலி தெரியாமல் இருப்பதற்கு மரத்துப்போகும் மருந்து இருக்கிறது." அதுவரை ஆங்கிலத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சிங்கப்பூரில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டுப்பெற நம் பெரியவர்கள் கூச்சப்படவே கூடாது.

எச்சில் வற்ற ஓர் ஊசி, மூக்கில் ரத்தக்கசிவைத் தடுக்க மருந்து, மூக்கிலேயே ஆக்சிஜன். பிறகு லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் தெளித்தார்கள். கடுங்கசப்பு. அளவு மீறினால் மூளையையும் இதயத்தையும் பாதிக்கும் என்பதால் எடை பார்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். சற்று நேரத்தில் தொண்டை வீங்கிவிட்டதுபோலவும் விழுங்க முடியாததுபோலவும் ஓர் உணர்வு. பயப்படவேண்டியது இங்கேதான் என்று தோன்றும்; உண்மையில் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன்.

பதற்றம் தணிக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண் செருகியது, ஆனால் பெயர் சொல்லி அழைத்தபோதெல்லாம் கட்டைவிரலை உயர்த்தினேன். மூச்சை அவ்வளவாகத் தளர்த்தாத மருந்து என்பதால் இதைத் தேர்ந்தார்களாம். குழாய்க்கு வழிகாட்ட, கேமரா பொருத்திய மெல்லிய குழல் மூக்கில் நுழைந்தது. வலியில்லை, அழுத்தம் மட்டுமே. குரல்நாணில் மருந்து பட்டதும் இருமல் வந்தது. "ஆழமாக இழுங்கள்" என்றார் தாதி. இழுத்தேன். பேச முயன்றேன், குரல் எழவில்லை. குழாய் உள்ளே போய்விட்டது. வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவைத் திரையில் பார்த்து, குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே முழு மயக்கம்.

வீடு திரும்பும்போது என் மூச்சுவழி பற்றி ஒரு கடிதம் தந்தார்கள். அதன் படம் என் கைப்பேசியிலும் மனைவியின் கைப்பேசியிலும் இருக்கிறது. பல் மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.