தெருப் பாதுகாப்புக்கான பணம் வரும் வழி

தெருக்களில் வேகத்தைக் குறைக்கும் முறைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கான பணம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதே என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. அமெரிக்காவில் 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறப் பகுதி ஒவ்வொன்றுக்கும் வட்டாரப் போக்குவரத்துத் திட்டமிடல் அமைப்பு இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். குறைந்தது 20 ஆண்டுகளை முன்னோக்கும் திட்டத்தையும், எந்தப் பணிக்கு எப்போது நிதி என்பதைச் சொல்லும் குறுகிய காலப் பட்டியலையும் அந்த அமைப்பே வகுக்கிறது. அந்தப் பட்டியலில் நெடுஞ்சாலை விரிவாக்கம் எளிதில் இடம்பிடிக்க, பள்ளி வாசலில் நடைபாதையும் கடவையும் அமைக்கும் சிறு பணி பின்தங்கிவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம், பாதுகாப்பான தெருக்களுக்கென 5 ஆண்டுகளில் 500 கோடி டாலரை உள்ளாட்சிகள் நேரடியாகக் கேட்டுப் பெறும் வகையில் ஒதுக்கியது (இதை நான் மனமார வரவேற்றேன்). செலவில் 80 சதவீதம் வரை கூட்டாட்சி அரசு தரும். மீதியை உள்ளூரில் திரட்ட வேண்டும். ஆனால் கட்டுமான நிதி கேட்கும் முன்பே, விபத்துத் தரவுகளை ஆராய்ந்து தயாரித்த செயல்திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும். பொறியாளரே இல்லாத சிறிய ஊர் அதை எவ்வாறு எழுதும்? அத்தகைய ஊர்களுக்காக வட்டார அமைப்பே பொதுச் செயல்திட்டம் ஒன்றைத் தயாரிக்கலாம். அதை ஒவ்வொரு வட்டாரமும் தன் முதல் கடமையாக ஏற்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.