ரப்பர் சோல் என்கிறார்கள், உண்மையில் அது என்ன சோல்?

கறுப்பாக இருந்து வளைந்தால் போதும், நம் ஊர் செருப்புக் கடைகளில் அது ரப்பர் சோல்தான். நடைபாதைக் கடையோ, ஏ.சி. போட்ட ஷோரூமோ, "நல்ல ரப்பர் சார், தேயவே தேயாது" என்ற ஒரே பதில்தான் வரும். பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் நான்கைந்து பொருள்கள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தேயும், ஒவ்வொரு மாதிரி கெட்டுப்போகும், பிய்ந்தால் ஒட்டுகிற பசையும் வேறு.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய ஷூ வாங்குகிறவர்கள் உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். அப்பர் (மேல்பாகம்), லைனிங் (உள்பக்கம்), சோல் என்று மூன்று படம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி. தோலை விரித்துப் போட்ட மாதிரி படம் இருந்தால் தோல், வலை இருந்தால் துணி, டைமண்ட் இருந்தால் "மற்றவை". 1994-இல் வந்த ஐரோப்பிய விதி இது. சோலின் கன அளவில் குறைந்தது 80 சதவீதம் எந்தப் பொருளோ அதைக் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல், ரப்பர், பி.யு. (பாலியூரித்தேன்), பி.வி.சி. பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதே டைமண்ட்தான். தோலா இல்லையா என்பதற்கு மேல் அந்த ஸ்டிக்கர் வாயே திறக்காது. ஆக, கையும் கண்ணும் மூக்கும்தான் துணை.

முதலில் கனம். எடுத்ததும் கனமே தெரியவில்லை, ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிறது என்றால் பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்கிற நுரை பிளாஸ்டிக். ஓட்டத்துக்கான ஷூக்களில் நடுவில் வருகிற தடித்த வெள்ளை அடுக்கு பல நேரம் இதுதான், தரையில் படும் இடத்தில் மட்டும் மெல்லிய ரப்பர் ஒட்டியிருப்பார்கள். ஈ.வி.ஏ. தேய்ந்து போவதற்கு முன்பே அமுங்கிப் போய்விடும், வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், குதிகால் மட்டும் வலிக்கும். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் சுருங்கவும் செய்யும்.

கனம் குறைவுதான், ஆனால் நகம் அவ்வளவு சுலபமாகப் பதியவில்லை, மேலே மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம், தேய்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் ஊசி குத்தியது போன்ற பொடித் துளைகள் என்றால் அது பி.யு. இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் உள்ளே வாயு உண்டாகி உப்பிக்கொண்டு இறுகும், அதனால்தான் துளைகள். ஆண்களுக்கான சாண்டல்களில் நிறைய இதுதான் வருகிறது. கனமில்லை, நன்றாக உழைக்கும், எண்ணெயையும் தாங்கும். எனக்கும் பிடித்த சோல்தான், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

காற்றிலிருக்கும் ஈரம் இதை மெல்ல மெல்ல உள்ளிருந்தே அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று வேதியியல் புத்தகத்தில் படித்தோமே, அதேதான். பாலியெஸ்டர் வகை பி.யு.வில் இது அதிகம், பாலியீதர் வகை தாக்குப்பிடிக்கும், ஆனால் எந்த வகை என்று கடையில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு வாங்கி, ரிசப்ஷனுக்கு மட்டும் போட்டுவிட்டு, பெட்டியோடு பீரோ மேல் ஏற்றி வைத்த ஷூவைச் சில வருடம் கழித்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். மண்டப வாசலில் இருந்து மேடைக்குப் போவதற்குள் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்து நடந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கிடக்கும். "போடவே இல்லையே, புதுசாச்சே" என்று வருத்தப்படுவார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், அதுவும் சென்னை மாதிரி கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம். உதிர ஆரம்பித்ததை எந்தப் பசையும் காப்பாற்றாது, பசை ஒட்டுவதற்கே அங்கே உறுதியான பொருள் இல்லை. அப்பர் நல்ல தோலாக இருந்தால் சோலையே மாற்றிவிடுங்கள். பழைய ஸ்டாக்கைப் பாதி விலைக்குப் போடும்போது பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், அதைப் பார்க்காமல் பி.யு. சோல் வாங்காதீர்கள்.

அடுத்தது மூவர்: நிஜ ரப்பர், டி.பி.ஆர். (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர், சூட்டில் உருகுவது), பி.வி.சி. ஆளைக் குழப்புவது இவைதான். நிஜ ரப்பர் கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தியது, மறுபடி உருகாது. டி.பி.ஆர். பிளாஸ்டிக் மாதிரி உருக்கி அச்சில் செலுத்துவது, அதனால் சோலில் எங்காவது பொருள் உள்ளே நுழைந்த இடத்தில் சின்ன வட்டப் புள்ளி பெரும்பாலும் இருக்கும். பி.வி.சி.யிலும் அந்தப் புள்ளி இருக்கும், ஆனால் அது கனம், புது ரெயின்கோட்டைப் பிரிக்கும்போது வருகிற வாடையும் சேர்ந்து வரும்.

தூக்கிப் போடப்போகிற செருப்பு கையில் இருந்தால் இன்னும் உறுதியாகப் பார்த்துவிடலாம். ஊசியைச் சூடாக்கிக் குத்துங்கள்: டி.பி.ஆரும் பி.வி.சி.யும் இளகி வழிவிடும், ரப்பர் கருகி நாறும். பஞ்சில் ஒரு சொட்டு பெட்ரோல் தொட்டுத் தேய்த்தால் டி.பி.ஆர். பிசுபிசுவென்று ஆகிக் கறுப்பு பஞ்சில் ஏறும் (மெக்கானிக் கடையில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சோல் ஏன் ஆகாது என்று இப்போது புரியும்). பி.வி.சி.க்குச் செம்புக் கம்பி. கம்பியை நன்றாகச் சூடாக்கிச் சோலில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால் சுடர் பச்சையாக மாறும், உள்ளே குளோரின் இருப்பதற்கு அடையாளம். பசை பட்ட இடத்தில் தொடாதீர்கள், ஷூ பசைகள் பலவற்றிலும் குளோரின் உண்டு, வீணாக ஏமாறுவீர்கள். இதையெல்லாம் வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து, நுனியளவுதான் செய்ய வேண்டும். பி.வி.சி. புகையில் அமில வாயு இருக்கிறது, பி.யு. புகை அதைவிட மோசம், அதைக் கொளுத்தவே வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? பசைக்குத்தான். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் இருக்கும் மஞ்சள் சொல்யூஷன், அரம் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய ரப்பரை நன்றாகப் பிடிக்கும். பி.வி.சி.யில் அப்போதைக்கு ஒட்டின மாதிரி இருக்கும், அப்புறம் அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து வந்து பசையை இளக்கிவிடும். டி.பி.ஆருக்கு முதலில் அதற்கான பிரைமர் பூச வேண்டும், அது எல்லாரிடமும் இருக்காது. அதனால் விவரம் தெரிந்தவர் ஓரத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, வருகிற தூளைப் பார்த்துவிட்டு, "இது சொல்யூஷன்ல நிக்காதுண்ணே, சுத்தித் தையல் போட்டுடவா?" என்பார். பேரம் பேசாமல் சரி என்று சொல்லிவிடுங்கள்.

தோல் சோலைக் கண்டுபிடிக்க வித்தை எதுவும் வேண்டாம், ஓரத்தில் நார் தெரியும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சி நிறம் மாறும். மழைக்காலத்தில் அதைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக எம்.சி.ஆர். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தருவது. நுண்துளை ரப்பர், கடினத்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் (எண் குறைந்தால் மென்மை) 15 வாக்கில் இருக்கும், சாதாரண சோல் 55, 60 என்று இருக்கும்போது இது எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மெத்தென்று இருப்பதையெல்லாம் எம்.சி.ஆர். என்று விற்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள், நன்றாக அமுங்கி, விட்டதும் முழுசாக எழ வேண்டும், எழாமல் பள்ளமாகவே நின்றால் வேண்டாம். அடியில் தரையில் படுவதற்குத் தனியாகக் கெட்டியான ஒரு அடுக்கு ஒட்டியிருக்க வேண்டும். திருப்பிப் போட்டு ஆணி எங்காவது அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், ஏனென்றால் குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது.