லிங்கர் தேடிய ஃபங்ஷன்

பின்னங்களுக்காக சி++ல் ஒரு கிளாஸ் எழுதியிருந்தேன். தொகுதியும் பகுதியும் பிரைவேட், அதாவது வெளியிலிருந்து தொட முடியாது. அச்சிட ஆபரேட்டர்<<, பெருக்க ஆபரேட்டர்*, இரண்டும் ஃப்ரெண்ட், அதாவது கிளாஸுக்கு வெளியே இருந்தாலும் பிரைவேட்டைத் தொட அனுமதி பெற்ற ஃபங்ஷன்கள். இன்ட் என்ற முழு எண் வகை மட்டும் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. பெரிய எண்களுக்கான லாங் லாங் வகைக்கும் வேண்டும் என்று அதை டெம்ப்ளேட் ஆக்கியதும், அதாவது எண் வகையை டி என்ற அளவுருவாக விட்ட அச்சாக மாற்றியதும், சிக்கல் ஆரம்பித்தது.

கம்பைலர் பிழை எதுவும் காட்டவில்லை. கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரில் வந்துதான் நின்றது: ஆபரேட்டர்<<க்கு டெஃபினிஷன் (ஃபங்ஷனின் உடல்) இல்லையாம். ஆனால் கிளாஸுக்குக் கீழே, அதே ஹெட்டரில், கண்ணெதிரே இருக்கிறது! டெம்ப்ளேட்டின் உடலைத் தனிக் கோப்பில் வைத்தால் வரும் வழக்கமான பிழையாக இருக்கும் என்று நினைத்து, இன்க்ளூட் வரிகளைச் சரிபார்ப்பதிலேயே ஒரு சாயங்காலம் போனது.

மறுநாள் பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். லிங்கர் கேட்ட பெயர் வெறும் ஆபரேட்டர்<<. என் டெம்ப்ளேட்டிலிருந்து உருவானதாக இருந்தால் பெயரை அடுத்து <இன்ட்> வந்திருக்க வேண்டும். அது இல்லை. அப்போதுதான் பிடிபட்டது: லிங்கர் தேடுவது நான் எழுதிய ஃபங்ஷனையே அல்ல.

கிளாஸுக்குள் இருக்கும் ஃப்ரெண்ட் வரியில் டி என்ற எழுத்து வந்துவிட்டதால் மட்டும் அது டெம்ப்ளேட் ஆகிவிடாது. பின்னம்<இன்ட்> உருவாகும்போது அதற்கென்று ஒரு சாதாரண ஃபங்ஷன் அறிவிக்கப்படுகிறது, பின்னம்<லாங் லாங்>குக்கு இன்னொன்று. கீழே நான் எழுதியதோ டெம்ப்ளேட். இரண்டும் சமமாகப் பொருந்தினால் சி++ சாதாரண ஃபங்ஷனைத்தான் எடுக்கும். அதற்கு உடலே கிடையாது. என் கம்பைலரான ஜிசிசி இதை எச்சரிக்கையாகவே சொல்லியிருந்தது, பெயருக்குப் பின் <> போடச் சொல்லி வழியும் காட்டியிருந்தது. எச்சரிக்கை வரிகளை நான் படிக்காமல் விட்டிருந்தேன்.

சரி, அது சொன்னபடியே செய்தேன். முதலில் கிளாஸுக்கு முன்னறிவிப்பு (உடல் இல்லாமல் பெயரை மட்டும் முன்கூட்டிச் சொல்வது), அடுத்து ஃபங்ஷன் டெம்ப்ளேட்டுக்கு முன்னறிவிப்பு, அப்புறம் ஃப்ரெண்ட் வரியில் <>. இந்த வரிசை மாறக் கூடாது. (ஃப்ரெண்ட் வரியையே யு என்ற வேறு அளவுருவோடு டெம்ப்ளேட் ஆக்கவும் முடியும். ஆனால் பின்னம்<இன்ட்>டின் பிரைவேட் விஷயங்கள் மற்ற எல்லா வகைகளின் ஆபரேட்டர்களுக்கும் திறந்துவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.) லிங்க் ஆனது.

ஆபரேட்டர்*ஐயும் அதே மாதிரி மாற்றினேன். உடனே 2 * அரை என்ற வரி (அரை என்பது 1/2 என்ற பின்னம்) கம்பைல் ஆகவில்லை. டெம்ப்ளேட் ஆவதற்கு முன் இதே வரி ஓடியது, ஏனென்றால் கிளாஸின் பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் 2ஐப் பின்னமாக மாற்றிக் கொடுத்தது. டெம்ப்ளேட்டிலோ முதலில் டி எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் இப்படிப்பட்ட மாற்றங்களைக் கம்பைலர் கணக்கில் எடுக்காது. 2ஐப் பார்த்தால் அது பின்னம் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் இரண்டு ஆபரேட்டர்களின் உடலையும் கிளாஸுக்குள்ளேயே, ஃப்ரெண்ட் வரியிலேயே எழுதினேன். இப்போது அவை சாதாரண ஃபங்ஷன்கள், உடலும் கூடவே இருக்கிறது. வெளியே அறிவிப்பு இல்லாவிட்டாலும், கொடுக்கும் மதிப்புகளில் ஒன்று பின்னமாக இருந்தால் போதும், கம்பைலர் அந்தக் கிளாஸுக்குள் போய்த் தேடி எடுத்துக்கொள்கிறது. அதன்பின் 2 தானாகப் பின்னமாகிறது. என் பார்வையில் இதுவே சுத்தமான வழி. முன்னறிவிப்புகளை எல்லாம் அழித்துவிட்டு ஓடவிட்டேன். 2 * அரை 1/1 என்று அச்சானது.